வீட்டில் தோட்டா: ஈரம், பூட்டு, எண்ணிக்கை

சமையல் குறிப்பும் கோயில் வரலாறும் பிள்ளைகளின் ஓவியமும் வருகிற நம் சங்க இதழில் இவர் துப்பாக்கித் தோட்டாவைப் பற்றி எழுத வந்திருக்கிறாரே என்று வாசகர்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது.

சென்ற தை மாதம் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் காலமானார். தோப்பும் காய்கறித் தோட்டமும் வைத்துப் பிழைத்தவர். தோட்டத்தைக் காக்க உரிமம் பெற்று ஒரு 12 போர் துப்பாக்கி வைத்திருந்தார். காரியம் முடிந்த கையோடு அவர் மகன் துப்பாக்கியையும் உரிமப் புத்தகத்தையும் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிவிட்டார். அத்துடன் கடமை தீர்ந்தது என்று எல்லோரும் நினைத்தோம்.

மழைக்கு முன் பரணைச் சுத்தம் செய்தபோது மருமகள் கையில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் அகப்பட்டது. உள்ளே 17 தோட்டாக்கள். சிலவற்றின் பித்தளை அடிப்பாகம் பச்சை பூத்திருந்தது. இரண்டு மட்டும் மஞ்சள் நிறம், கொஞ்சம் மெல்லியவை. என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நான் போனபோது அந்தப் பாட்டில் பேத்தி வீட்டுப்பாடம் எழுதும் மேசை மேல் இருந்தது.

“மாமா, நீங்க ரயில்வேயில வெடியெல்லாம் பாத்தவரு. இத என்ன பண்றதுன்னு சொல்லுங்க” என்றார் அந்தப் பெண்.

“மொத்தம் எத்தனை இருந்தது என்று தெரியுமா அம்மா?” என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

நான் துப்பாக்கி வைத்திருப்பவன் அல்லன். டிப்ளமோ படித்து 1981-இல் ரயில்வேயில் சேர்ந்து, இருப்புப்பாதையைப் பராமரிக்கும் வேலையில் காலம் கழித்தவன். ஓய்வு பெற்றபின் மகள் வீட்டோடு, தண்டவாளமே இல்லாத இந்தத் தீவுக்கு வந்து சேர்ந்தேன். வெடிபொருளைக் கணக்கோடு வைத்துக் காக்கும் பழக்கம் மட்டும் என்னோடு கப்பலேறி வந்தது.

தோட்டா என்பது என்ன?

நம் பக்கத்தில் உரிமத்துடன் இருப்பவற்றில் அதிகம் காணப்படுவது 12 போர் துப்பாக்கி. ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான 12 உருண்டைகளாக வார்த்தால், அதில் ஓர் உருண்டை எந்தக் குழலுக்குச் சரியாகப் பொருந்துமோ அந்தக் குழல் 12 போர். அதே ஈயத்தை 20 உருண்டையாக்கினால் உருண்டை சிறுத்துவிடும். ஆகவே 20 போர் குழல் 12 போரைவிடச் சிறியது. எண் கூடினால் குழல் குறையும் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டாவின் கூடு பிளாஸ்டிக்காலோ அட்டையாலோ ஆனது. அடியில் பித்தளைக் கிண்ணம். கிண்ணத்தின் நடுவில் சிறு பொட்டு போல ‘கேப்’. அடிபட்டால் முதலில் பற்றுவது அதுதான். அதற்கு மேல் மருந்து, அதற்கு மேல் அடைப்பு, எல்லாவற்றிற்கும் மேல் நாம் ‘பால்ரஸ்’ என்று சொல்லும் ஈயக் குண்டுகள். கேப்பும் மருந்தும் ஈரத்தில் கெடும். பித்தளை ஈரத்தோடு சில ரசாயனங்கள் சேர்ந்தால் கெடும். அட்டைக் கூடு ஈரத்தில் உப்பிக் குழலுக்குள் போக மறுக்கும்.

பாட்டிலில் இருந்த மஞ்சள் தோட்டா இரண்டும் 20 போர். 20 போருக்கு மஞ்சள் நிறம் கொடுக்கும் வழக்கம் உலகெங்கும் இருப்பதற்குக் காரணம் உண்டு. தவறுதலாக 20 போர் தோட்டாவை 12 போர் குழலில் போட்டால் அது உள்ளே நழுவிப் போய் நடுவழியில் சிக்கிக்கொள்ளும். வெளியே பார்த்தால் அறை காலியாகத் தெரியும். பின்னால் ஒரு 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழலே பிளக்கும், சுடுகிறவர் கையும் முகமும் போகும். அவ்வளவு ஆபத்தான இரண்டும் ஒரே பாட்டிலில் இருந்தன. பெரியவரிடம் 20 போர் துப்பாக்கி இருந்ததே இல்லை. யாரோ கொடுத்ததை வாங்கி வைத்திருக்கிறார். உரிமத்தில் சொல்லாத வகைத் தோட்டாவை வைத்திருப்பதே சட்டப்படி குற்றம் என்பது அவருக்குத் தோன்றியிருக்காது.

கைத்துப்பாக்கியிலும் இதே குழப்பம் உண்டு. நம் நாட்டில் பலரிடமும் இருப்பது .32 வகை. ஆனால் .32 ரிவால்வருக்கான தோட்டா வேறு, .32 பிஸ்டலுக்கான தோட்டா வேறு. எண் ஒன்றாக இருக்கிறதே என்று ஒரே டப்பாவில் போடக்கூடாது.

மழைக்காலத்தில் வெடித்த பித்தளை

ஸ்ரீ விஜயபுரம் என்று 2024-இல் பெயர் மாறிய நம் போர்ட் பிளேரில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. மே மாதம் தொடங்கி டிசம்பர் வரை ஏதாவது ஒரு பருவக்காற்று நம்மை நனைத்துக்கொண்டே இருக்கும். ஊரிலிருந்து கொண்டுவந்த அப்பளம் இரண்டு நாளில் தளர்ந்து போகிற காற்று இது. போதாததற்குக் கடல் உப்பு.

இதற்கு ஒரு பழைய பாடம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படையினர் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். கிடங்கில் வைத்த பித்தளைத் தோட்டாக் கூடுகள், யாரும் தொடாமலேயே, மழைக்காலத்தில் விரிசல் விட்டன. பருவம் வந்தால் விரிவதால் ‘சீசன் கிராக்கிங்’, அதாவது பருவ விரிசல் என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். காரணம் 1921-இல்தான் தெளிவாக விளக்கப்பட்டது. தோட்டாக்கள் குதிரை லாயங்களின் அருகில் வைக்கப்பட்டிருந்தன. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா வாயு ஈரக் காற்றில் கலந்து, ஏற்கெனவே இழுத்து வார்த்த அழுத்தத்தில் இருக்கும் பித்தளையைத் தாக்கியது. அழுத்தம், ஈரம், அம்மோனியா மூன்றும் சேர்ந்தால்தான் விரிசல். பித்தளையைப் பதமாகச் சூடுகாட்டி உள்ளழுத்தத்தைத் தணிப்பதே தொழிற்சாலையில் கண்ட பரிகாரம்.

நம் வீட்டில் குதிரை லாயம் இல்லைதான். ஆனால் கோழிக்கூடும் ஆட்டுக்கொட்டிலும் உண்டு. தோட்டம் வைத்திருப்பவர் வீட்டுச் சாமான் அறையில் யூரியா மூட்டையும் இருக்கும். அம்மோனியா கலந்த தரை கழுவும் திரவமும் வந்துவிட்டது. அந்த அறையின் மூலையில்தான் தோட்டாப் பெட்டியையும் வைக்கிறோம். லாயத்தின் கதையை நாமே திரும்ப எழுதுகிறோம்.

ரயில்வேயில் கற்றது

ரயில்வேயில் நாங்கள் கையாண்டது டெட்டனேட்டர். கேங்மேன்கள் ‘பட்டாசு’ என்பார்கள். வட்டமான சிறு தகர டப்பி, உள்ளே வெடிமருந்து, தண்டவாளத்தின் தலையில் மடித்துப் பிடிக்க இரண்டு பட்டைகள். பாதையில் ஆபத்து என்றால் அகலப் பாதையில் 600 மீட்டரில் ஒன்றும், 1,200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்றும் வைப்போம். எஞ்சின் ஏறியதும் வெடிக்கும், ஓட்டுநர் வண்டியை நிறுத்துவார். இருட்டிலும் பனியிலும் கண்ணுக்குத் தெரியாத சிவப்பு விளக்குக்குப் பதில் காதுக்குக் கேட்கும் எச்சரிக்கை அது.

அதை வைத்துக் காக்கும் விதி எனக்கு இன்னும் மனப்பாடம். உலர்ந்த இடத்தில் வை. செங்கல் சுவரைத் தொட்டபடி வைக்காதே. ஈரமரத்தில் வைக்காதே. பிளீச்சிங் பவுடர் முதலிய கிருமிநாசினிகளின் பக்கம் வைக்காதே. நீராவி படவிடாதே. முரட்டுத்தனமாகக் கையாளாதே. மேலே பொறித்துள்ள ஆண்டைப் பார்த்துப் பழையதை முதலில் பயன்படுத்து. செங்கல் சுவர் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும் என்பதை வீடு கட்டியவர்கள் அறிவார்கள். நம் வீட்டுத் தோட்டாவுக்கும் இந்த விதிகள் அட்சரம் பிசகாமல் பொருந்தும்.

இனி என் தவற்றைச் சொல்கிறேன். 1989-ஆம் ஆண்டு மீட்டர் கேஜ் பிரிவு ஒன்றில் இருந்தேன். ஒரு நாள் இரவு நெடுநேரம் கழித்துப் பாதைச் சோதனை முடித்து வந்தேன். கிடங்கைப் பூட்டிக்கொண்டு ஆள் போய்விட்டார். எழுப்பச் சோம்பல். டெட்டனேட்டர் டப்பாவைக் குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுவந்து கூடத்து அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்துப் படுத்துவிட்டேன். ‘ஒரு ராத்திரிதானே’ என்ற நினைப்பு.

காலையில் டப்பாவை எடுக்கும்போது வழக்கப்படி எண்ணினேன். ஒன்பது. மறுபடி எண்ணினேன். ஒன்பதுதான். இருக்க வேண்டியது பத்து.

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. கொல்லைப்புறத்தில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சொப்பு வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தாள். அந்த டெட்டனேட்டரைப் பார்த்தால் குங்குமச் சிமிழ் போலவே இருக்கும். மூடி திறக்கவில்லை என்று அதைக் கல்லின் மேல் வைத்து, அம்மிக் குழவியாக அவள் பாவித்த கூழாங்கல்லைக் கையில் எடுத்திருந்தாள். நான் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் பயத்தில் கல்லைப் போட்டிருப்பாள். “அப்பாவுக்குக் கொஞ்சம் சோறு போடும்மா” என்று சொல்லிக்கொண்டே நடந்து போய் அவள் கையைப் பிடித்தேன்.

பூட்டு தவறினாலும் எண்ணிக்கை காப்பாற்றியது. எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டு நான் வேலைக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றும் நினைக்க முடிவதில்லை. அந்த மகள் வீட்டில்தான் இப்போது இருக்கிறேன்.

வீட்டில் வைக்கும் முறை

உரிமம் உள்ளவர்கள் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்கலாம்.

1. துப்பாக்கியும் தோட்டாவும் ஒரே பூட்டுக்குள் இருக்கக்கூடாது. துப்பாக்கிக்கு ஒரு பெட்டி, தோட்டாவுக்கு வேறு பெட்டி, இரண்டுக்கும் வேறு வேறு சாவி. இரண்டு சாவியையும் ஒரே வளையத்தில் கோத்தால் பூட்டு இரண்டு போட்டும் பயனில்லை. துப்பாக்கியைப் பெட்டியில் வைக்குமுன் அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட வேண்டும்.

2. தோட்டாவைக் கம்பெனி அட்டைப் பெட்டியிலேயே வையுங்கள். வகை, நீளம், தயாரித்த காலம் எல்லாம் அதில்தான் இருக்கும். பாட்டில், பிஸ்கட் டப்பா, மருந்து டப்பா எதுவும் வேண்டாம். தின்பண்டம் இருந்த பாத்திரத்தைக் குழந்தை திறக்காமல் விடாது. ஒரு பெட்டியில் ஒரே வகைதான் இருக்க வேண்டும்.

3. அட்டைப் பெட்டியை, மூடியில் ரப்பர் வளையம் வைத்த காற்றுப் புகாத பெட்டிக்குள் வையுங்கள். கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். நீல நிற மணிகள் ஈரம் குடித்ததும் இளஞ்சிவப்பாக மாறும். அப்போது சமையலுக்குப் பயன்படுத்தாத பழைய வாணலியில், தோட்டாக்கள் இருக்கும் இடத்துக்குத் தொலைவில், இளஞ்சூட்டில் வறுத்தால் நீலம் திரும்பும். பெட்டியை மூடும்போது உள்ளே அடைபடும் காற்றும் ஈரமே. ஆகவே ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள உலர்ந்த நாளில் திறந்து பார்த்து மூடுவது நல்லது. மழை பெய்கிற நாளில் திறக்காதீர்கள்.

4. துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று தோட்டாவுக்கு எண்ணெய் தடவாதீர்கள். எண்ணெய் கேப்பின் ஓரமாக இறங்கி உள்ளிருப்பதைக் கெடுக்கும். தோல் பெல்ட்டில் செருகியே வைக்கும் பழக்கமும் கூடாது. தோல் பதனிட்ட ரசாயனம் ஈரத்தில் கசிந்து பித்தளையைப் பச்சை பூக்க வைக்கும். ஈரமான தோட்டாவை வெயிலிலோ அடுப்பருகிலோ காயவைப்பதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

5. சமையலறை, எரிவாயு சிலிண்டர், தகரக் கூரையின் கீழுள்ள பரண், குளியலறைச் சுவர் ஆகியவற்றுக்கு அருகில் வேண்டாம். உரமும் கிருமிநாசினியும் வேறு அறையில் இருக்கட்டும். பீரோவின் மேல் வைப்பதும் தவறு. 2004 டிசம்பர் 26 காலையில் நம் வீடுகளில் மேலே இருந்ததெல்லாம் கீழே வந்ததைப் பார்த்தவர்கள் நாம். பெட்டியைத் தாழ்வான இடத்தில், சுவரைத் தொடாமல் கட்டை போட்டு, நகராதபடி பொருத்துங்கள். கடலோரத் தாழ்நிலத்தில் வீடென்றால், சுனாமி எச்சரிக்கை வந்தால் பெட்டியை எடுக்க ஓடாதீர்கள். உயிர்தான் முதலில். தண்ணீர் வடிந்தபின் பெட்டி காணவில்லை என்றால் உடனே காவல் நிலையத்தில் தெரிவியுங்கள்.

6. ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். நான்கே பத்திதான்: தேதி, வாங்கியது, செலவானது, மீதி. மாதம் ஒருமுறை எண்ணிக் கையெழுத்திடுங்கள். சுட்ட வெற்றுக் கூட்டையும் எண்ணி வையுங்கள். சாவி உரிமம் பெற்றவரிடம் மட்டும் இருக்கட்டும். ஆனால் பெட்டி எங்கே இருக்கிறது, உள்ளே எத்தனை என்பது வீட்டில் இன்னொரு பெரியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சட்டம் சொல்வது

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கிக்கு மட்டும் அல்ல, தோட்டாவுக்கும் உரிமம் வேண்டும். துப்பாக்கி இல்லாமல் தோட்டா மட்டும் வைத்திருந்தாலும் சிறைத்தண்டனை வரை போகும். 2019-இல் செய்த திருத்தத்தின்படி ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தன. உரிமக் காலம் மூன்று ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டாகியது. ஒரு நேரத்தில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், ஆண்டுக்கு எத்தனை வாங்கலாம் என்பது உரிமப் புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கும். அதைத் தாண்டக்கூடாது.

உரிமம் பெற்றவர் காலமானாலோ உரிமம் காலாவதியானாலோ, துப்பாக்கியையும் தோட்டாவையும் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் வாரிசுக்கு ஒரு வசதி உண்டு. உரிமதாரர் 70 வயதை எட்டினாலோ, துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, தம் வாழ்நாளிலேயே வாரிசுக்கு மாற்றித்தர விண்ணப்பிக்கலாம். நம் பெரியவர்கள் பலர் இதை அறியமாட்டார்கள். ‘நான் போனபிறகு பார்த்துக்கொள்ளட்டும்’ என்று விடாமல் கண் தெளிவாக இருக்கும்போதே செய்துவிடலாம்.

நம் தீவுகளுக்கு முக்கியமான இன்னொன்று. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், சரணாலயத்திலும் அதைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள்ளும் வசிக்கும் உரிமதாரர் வனத்துறையில் தம் பெயரையும் ஆயுதத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. நம் தீவுக் கூட்டத்தில் 90-க்கும் மேற்பட்ட சரணாலயங்கள் உள்ளன. ஆகவே ஒவ்வொருவரும் தம் வீடு எந்த எல்லைக்குள் வருகிறது என்று கேட்டறிய வேண்டும்.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. வீட்டைப் பூட்டிவிட்டு மாதக்கணக்கில் போவதானால், துப்பாக்கியையும் தோட்டாவையும் பாதுகாப்புக்கு ஒப்படைத்துச் செல்லும் முறையைக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே கேளுங்கள். தோட்டத்துக்குக் கொண்டுபோன பையையே விமானத்துக்கும் எடுத்துச் செல்லாதீர்கள். பையின் அடியில் மறந்து கிடந்த ஒரே தோட்டாவுக்காக விமான நிலையத்தில் பிடிபட்டு, வழக்கு வரை போனவர்களைப் பற்றிப் பத்திரிகையில் அடிக்கடி படிக்கிறோம்.

கெட்டதும் கண்டெடுத்ததும்

பச்சை பூத்த, உப்பிய, விரிசல் விட்ட தோட்டாவைச் சுட்டுப் பார்த்துச் சோதிக்க வேண்டாம். கடலில் எறிவது, புதைப்பது, குப்பையோடு எரிப்பது மூன்றும் குற்றமும் ஆபத்தும் ஆகும். பிரித்து மருந்தைக் கொட்டுவதும் கூடாது. தனியே எடுத்து வைத்து, கணக்கில் எழுதி, ஒப்படைத்து ரசீது வாங்குங்கள்.

இந்த மண்ணுக்கே உரிய ஆபத்து ஒன்றும் உண்டு. 1942 மார்ச் 23 முதல் 1945 அக்டோபர் வரை ஜப்பானியர் இங்கே இருந்தார்கள். அவர்கள் கட்டிய பதுங்கு குழிகள் கார்பின்ஸ் கோவ் கடற்கரைப் பக்கம் இன்றும் நிற்கின்றன. அஸ்திவாரம் தோண்டும்போதோ கடலோரத்திலோ துருப்பிடித்த உருளை ஏதேனும் தென்பட்டால் தொடாதீர்கள். கடப்பாரையால் தட்டிப் பார்க்காதீர்கள். வீட்டு வரவேற்பறைக்கு அலங்காரமாக எடுத்து வராதீர்கள். பிள்ளைகளை விலக்கிவிட்டுக் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். இரும்பு துருப்பிடித்தாலும் உள்ளிருக்கும் மருந்து செத்துப்போகும் என்று நிச்சயம் இல்லை.

பத்து எங்கே?

அந்த ஹார்லிக்ஸ் பாட்டில் கதைக்கு வருகிறேன். பாட்டிலை அவர்கள் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்க வேண்டாம் என்றேன். மகன் தொலைபேசியில் காவல் நிலையத்துக்கு விவரம் சொன்னார். அவர்கள் வந்து எண்ணி, எழுதி, ரசீது கொடுத்து எடுத்துச் சென்றார்கள். நாமே முன்வந்து சொன்னதால் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள்.

உரிமப் புத்தகத்தில் பெரியவர் கடைசியாக வாங்கியது 25 என்று பதிவாகியிருந்தது. பாட்டிலில் 12 போர் 15. மீதி பத்து? தோட்டத்தில் சுட்டிருக்கலாம். வேறொரு டப்பாவில் இருக்கலாம். நோட்டுப் புத்தகம் இல்லை, கேட்க அவரும் இல்லை. அரிசி டின், டிரங்குப் பெட்டி, தோட்டத்துக் கொட்டகை எல்லாம் தேடியாகிவிட்டது. இன்னும் அந்தப் பெண் பேத்தியைக் கொல்லைப்பக்கம் தனியே விடுவதில்லை.

அவர் நல்ல மனிதர். யாருக்கும் தீங்கு நினைக்காதவர். ஒரு எட்டணா நோட்டில் நான்கு வரி எழுதியிருந்தால் அந்த வீடு இன்று நிம்மதியாக இருந்திருக்கும். உரிமம் வைத்திருக்கும் அன்பர்கள் இந்த இதழை மூடி வைத்ததும் பெட்டியைத் திறந்து ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எண்ணியதை எழுதி வையுங்கள். வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.